ஓர் ஓடை, பல சுரங்கங்கள்: நிலக்கரிச் சுரங்கங்களின் கூட்டுப் பாதிப்பை மதிப்பிடும் முழுமையான வழிகாட்டி

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் அனுமதிக் கோப்பைத் தனியாக எடுத்துப் படித்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வெளியேறும் நீரின் பிஎச் வரம்புக்குள், இரும்பு வரம்புக்குள், வண்டல் வரம்புக்குள். அப்படிச் சரியாக இருக்கும் பல சுரங்கங்களின் நீர் ஒரே ஓடையில் சேரும்போது அந்த ஓடைக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்த வேலையின் கேள்வி.

மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அங்கே மலையுச்சியை வெட்டி நிலக்கரியை எடுத்துவிட்டு, மிஞ்சிய பாறையைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டி நிரப்புவார்கள். அப்பர் மட் ஆற்றில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட வெளியேற்றுமுனைகளும் சுமார் 28 சதுர கிலோமீட்டர் சுரங்க நிலமும் சேர்ந்து செய்த பாதிப்பை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. தன் சுரங்கத்தால் நீருக்கு என்ன ஆகும் என்று விண்ணப்பதாரர் எழுதித் தர வேண்டும். அந்தப் பகுதியில் இருக்கிற, வரப்போகிற எல்லாச் சுரங்கங்களும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை அனுமதி தரும் அமைப்பு மதிப்பிட வேண்டும். முதலாவதை நகலெடுத்து இரண்டாவதாக ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உயர வரைபடமும் ஓடைகளின் வரைபடமும், க்யூஜிஐஎஸ் போன்ற ஒரு வரைபட மென்பொருள், வெவ்வேறு ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்கள், பழைய நிலத்தடிச் சுரங்க வரைபடங்கள், எல்லா அனுமதிகளின் வெளியேற்ற அறிக்கைகள். களத்துக்கு, நீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று மின்சாரம் கடத்துவதை வைத்துக் காட்டும் கடத்துதிறன் மீட்டர், ஓட்டமானி, 0.45 மைக்ரான் வடிகட்டி, நைட்ரிக் அமிலம், ஐஸ் பெட்டி.

ஆய்வகத்தை முடிவு செய்யும் முன், பாறையிலிருந்து கரைந்து வரும் செலினியத்துக்கு அவர்களுடைய கண்டறியும் எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். ஓடும் நீருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் பரிந்துரைத்த அளவு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம். 5-க்குக் கீழே காட்ட முடியாத ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பினால், வரும் தாளில் "கண்டறியப்படவில்லை" என்றுதான் இருக்கும். அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## 1. கணக்குப் புள்ளியைக் குறியுங்கள்

ஓடையின் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம்? முதலில் இதை எழுதி வையுங்கள். குடிநீர் எடுக்கும் இடம், மீன் இனப்பெருக்கம் செய்யும் பகுதி, இரண்டு கிளை ஓடைகள் சேரும் இடம், கீழே உள்ள நீர்த்தேக்கத்தின் வாய் என எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று புள்ளிகள் தேவைப்படும்.

புள்ளியை மாற்றினால் விடையும் மாறிவிடும் என்பதுதான் காரணம். கீழே போகப்போகச் சுத்தமான கிளைகள் வந்து சேரும், எண்கள் அழகாகும். எவ்வளவு கீழே போய் நிற்கிறோமோ அவ்வளவு நல்ல அறிக்கை கிடைக்கும்! அதனால் தரவைப் பார்க்கும் முன்பே புள்ளி முடிவாகிவிட வேண்டும். கடைசிச் சுரங்கத்துக்கு உடனடியாகக் கீழே ஒரு புள்ளி கட்டாயம்.

தேங்கு நீர் கீழே இருந்தால் அதையும் சேருங்கள். செலினியத்துக்குத் தேங்கு நீரில் பரிந்துரைக்கப்பட்ட அளவு 1.5 மைக்ரோகிராம், ஓடும் நீருக்கானதில் பாதிகூட இல்லை. தேங்கிய நீரில் செலினியம் பாசியிலும் பூச்சியிலும் சேர்ந்து மீனின் முட்டை வரை போகிறது. ஓடையில் தேறிய எண் அணைக்கட்டில் தேறாது.

## 2. எல்லையை வரையுங்கள்

கணக்குப் புள்ளியிலிருந்து மேல்நோக்கி, அதற்கு நீர் தரும் நிலம் முழுவதும் உங்கள் எல்லை. அனுமதிக் கோப்பில் உள்ள எல்லை சுரங்கத்தின் வேலியோடு நின்றுவிடும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தரைக்கு மேலே உள்ள எல்லையை மென்பொருள் சில நிமிடங்களில் வரைந்துவிடும். தரைக்குக் கீழேதான் யோசிக்க வேண்டும். கைவிடப்பட்ட நிலத்தடிச் சுரங்கத்தில் நிரம்பும் நீர், மேலே உள்ள மலைமுகட்டைப் பார்த்து ஓடுவதில்லை. நிலக்கரி அடுக்கு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் போகும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெய்த மழை சுரங்கத்தின் வழியாக உங்கள் ஓடைக்கு வரலாம். உங்கள் நீர் வெளியேயும் போகலாம். பழைய வரைபடத்தில் அடுக்கின் சரிவைப் பார்த்து, தேவையென்றால் எல்லையை அந்தப் பக்கம் நீட்டுங்கள்.

## 3. எல்லாச் சுரங்கங்களையும் பட்டியலிடுங்கள்

ஐந்து வகைகளையும் தனித்தனியாக எழுதுங்கள்: இப்போது ஓடுபவை, மூடிச் சீரமைத்தவை, சட்டத்துக்கு முன்பே கைவிடப்பட்டவை, அனுமதி கிடைத்து இன்னும் தொடங்காதவை, விண்ணப்ப நிலையில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் பரப்பு, தொடங்கிய ஆண்டு, நிரப்பிய பள்ளத்தாக்கின் அளவு, வெளியேற்றுமுனைகள்.

"சீரமைத்தாகிவிட்டது, புல் முளைத்துவிட்டது, கழித்துவிடலாம்" என்பது இந்தப் படியில் நான் அதிகம் கேட்கும் வாதம். கழிக்காதீர்கள். மேலே புல் இருந்தாலும் உள்ளே உடைந்த பாறைக் குவியல் அப்படியேதான் இருக்கிறது. மழைநீர் அதற்குள் இறங்கி உப்பைக் கரைத்துக்கொண்டு அடியில் வெளியேறுகிறது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் சீரமைத்த நிலங்களும் மாசைத் தந்துகொண்டிருந்ததை அப்பர் மட் ஆற்று ஆய்வு காட்டியது.

பரப்பைக் கூட்டியதும், கணக்குப் புள்ளிக்கு மேலே உள்ள மொத்த நிலத்தில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி ஓடைகளைப் பற்றி 2012-இல் வந்த ஓர் ஆய்வின்படி, நீர்ப்பிடிப்பில் 5.4 சதவீதத்துக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கமாகிவிட்டால் ஓடை மாநில உயிரியல் தரத்தில் தவறும் வாய்ப்பு அதிகம். தாங்கும் திறன் குறைந்த பல பூச்சி இனங்கள் 2.2 சதவீதத்திலேயே காணாமல் போகத் தொடங்குகின்றன. களத்துக்குப் போகும் முன்பே இந்த ஒரு எண் நிறையச் சொல்லிவிடும்.

## 4. எதை அளப்பது என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் பிஎச் பார்ப்பார்கள். 7.8 என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். சுரங்க நீர் என்றாலே அமிலம், ஆரஞ்சு நிற ஓடை என்ற படம் மனதில் பதிந்திருப்பதால் வரும் தடுமாற்றம் இது.

பாறையில் உள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது கந்தக அமிலம் உண்டாகும். அதே குவியலில் கார்பனேட் கனிமங்கள் போதுமான அளவு இருந்தால் அமிலம் அங்கேயே நடுநிலையாகிவிடும். அமிலம் போய்விடும், ஆனால் சல்ஃபேட், பைகார்பனேட், கால்சியம், மக்னீசியம் எல்லாம் கரைந்து நீரிலேயே இருக்கும். நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், பிஎச்சும் நன்றாக இருக்கும், கடத்துதிறன் மட்டும் ஏறியிருக்கும்.

அதனால் அடிப்படைப் பட்டியல் இது: 25 டிகிரிக்குச் சரிசெய்த கடத்துதிறன், சல்ஃபேட், காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம், குளோரைடு, செலினியம், இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், வண்டல், வெப்பநிலை, பிஎச். எல்லாவற்றோடும் ஓட்டம்.

குளோரைடை விட்டுவிடாதீர்கள். பென்சில்வேனியா - மேற்கு வர்ஜீனியா எல்லையில் உள்ள டங்கார்ட் ஓடையில் 2009 செப்டம்பரில் மீன்கள் பெருமளவில் செத்தன. உவர்ப்பான நீரில் செழிக்கும் ஒரு வகைப் பொன்பாசியின் நச்சுதான் மீன்களைக் கொன்றது. அந்த உவர்ப்புக்குச் சுரங்க நீர் வழி செய்திருந்தது. ஒரு பொருளின் வரம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படிப்பட்ட கூட்டு விளைவு கண்ணில் படாது.

வேறு நிலத்தில் பட்டியலும் வேறாகும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்க அந்த நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்க நீர் வாலாஜா ஏரி போன்ற நீர்நிலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இந்த வேலையைச் செய்பவர் நீரின் தரத்தோடு, இறைப்பது நின்றால் ஓட்டம் என்ன ஆகும், சுற்றியுள்ள நீர்மட்டம் என்ன ஆகும் என்பதையும் சேர்க்க வேண்டும். மலையுச்சிச் சுரங்கத்தின் பட்டியலை அங்கே ஒட்டினால் பாதிக் கேள்வி விடுபட்டுப் போகும்.

## 5. வரம்புகளை இப்போதே எழுதிவிடுங்கள்

எந்த எண்ணைத் தாண்டினால் பாதிப்பு என்பீர்கள்? மாதிரி எடுக்கும் முன்பே தேதி போட்டு எழுதுங்கள். முடிவு வந்த பிறகு வரம்பைத் தேட ஆரம்பித்தால், கையில் உள்ள எண்ணுக்குச் சற்று மேலே ஒரு வரம்பு எப்படியும் கிடைத்துவிடும்.

மேற்கு வர்ஜீனியாவும் அடங்கும் மத்திய அப்பலாச்சிய மலைப்பகுதியின் ஓடைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் வெளியிட்ட கடத்துதிறன் அளவுகோல் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸ். அங்கே வாழ வேண்டிய பூச்சிப் பேரினங்களில் 5 சதவீதம் அற்றுப்போகும் அளவு அது. மூன்றாம் படியில் சொன்ன 2012 ஆய்வு வேறு வழியில் போய் 308-இலும், சல்ஃபேட்டுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமிலும் வந்து நின்றது. இரண்டு வழிகளும் பக்கத்துப் பக்கத்து எண்ணில் வந்து சேர்வதால் எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை அதிகம்.

ஒரு எச்சரிக்கை. 300 என்பது சல்ஃபேட்டும் பைகார்பனேட்டும் மிகுந்த நீருக்கு, அந்த வட்டாரத்துக்கு எடுத்த எண். ஜார்க்கண்டுக்கோ குளோரைடு மிகுந்த ஓடைக்கோ அதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. எண்ணை விட்டுவிட்டு, அதைக் கண்டுபிடித்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

## 6. ஒப்பீட்டு ஓடையைத் தேர்ந்தெடுங்கள்

சுரங்கம் இல்லாவிட்டால் இந்த ஓடை எப்படி இருந்திருக்கும் என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. அதே பாறை, ஏறத்தாழ அதே பரப்பு, அதே சரிவு உள்ள, சுரங்கம் தொடாத ஓடையைத் தேடுங்கள். அப்பலாச்சிய மலைகளில் அப்படிப்பட்ட ஓடையின் கடத்துதிறன் பொதுவாக 200-க்கும் கீழேதான் இருக்கும்.

விண்ணப்பதாரர் தரும் "அடிப்படை நிலை" பெரும்பாலும் விண்ணப்பத்துக்குச் சற்று முன் எடுத்தது. அதற்குள் மேலே ஏற்கெனவே சில சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதை அடிப்படையாக வைத்தால் முந்தைய பாதிப்பு எல்லாம் இயற்கை ஆகிவிடும். அடுத்த விண்ணப்பத்தில் இன்னும் கொஞ்சம் மேலேறிய எண் அடிப்படை ஆகும். இப்படி ஒவ்வொருவரும் "எங்களால் சிறிது மாற்றமே" என்று எழுதிக்கொண்டே போகலாம். எனவே இரண்டு எண்களையும் எழுதுங்கள்: இன்றைய நிலை, சுரங்கம் இல்லாத நிலை. கூட்டுப் பாதிப்பை இரண்டாவதிலிருந்துதான் அளக்க வேண்டும்.

## 7. மாதிரி எடுங்கள்

மழை இல்லாத, ஓட்டம் நிலையாக உள்ள நாளில், எல்லாக் கிளைகளிலும் பிரதான ஓடையிலும் ஒரே நாளில் எடுத்து முடியுங்கள். ஒரு கிளையில் திங்கட்கிழமையும் மழைக்குப் பிறகு அடுத்ததில் வெள்ளிக்கிழமையும் எடுத்தால் கூட்டிப் பார்க்க முடியாது. கீழிருந்து மேல்நோக்கி நடங்கள். மேலே கலக்கிய வண்டல் கீழே உங்கள் பாட்டிலுக்குள் வராது.

கிளை சேரும் இடத்தில் சேர்க்கைக்கு மேலே ஒன்று, கிளைக்குள் ஒன்று, நன்றாகக் கலந்த பிறகு கீழே ஒன்று. சேர்ந்த உடனேயே எடுக்காதீர்கள், இரண்டு நீரும் கரையோரமாகத் தனித்தனியே சிறிது தூரம் ஓடும். ஓடையின் குறுக்கே மீட்டரை நகர்த்திப் பார்த்து, எண் எங்கும் ஒன்றாக இருந்தால்தான் கலந்திருக்கிறது என்று பொருள்.

கரைந்த உலோகத்துக்கு உள்ள மாதிரியை அங்கேயே வடிகட்டி, பிறகு அமிலம் விடுங்கள். வரிசை மாறினால் வண்டலில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து கணக்கில் சேரும். சல்ஃபேட், காரத்தன்மை பாட்டில்களில் அமிலமே கூடாது, ஐஸ் போதும்.

ஆண்டில் எத்தனை முறை? மாதம் ஒன்று என்றால் நல்லது. அது முடியாவிட்டாலும் கோடையின் கடைசியில் வரும் குறைந்த ஓட்டத்தை விடவே கூடாது. ஏன் என்பது அடுத்த படியில் தெரியும். கணக்குப் புள்ளியில் தானாகப் பதியும் கடத்துதிறன் கருவி ஒன்றை வைத்தால் இடைப்பட்ட நாட்களும் கிடைக்கும்.

## 8. சுமையைக் கணக்கிடுங்கள்

செறிவை மட்டும் பார்த்தால் எந்தச் சுரங்கம் எவ்வளவு தருகிறது என்று தெரியாது. சுமைதான், அதாவது ஒரு நாளில் நீரோடு போகும் பொருளின் மொத்த எடைதான், கூட்டக்கூடியது.

சுமை (நாளுக்குக் கிலோகிராம்) = செறிவு (லிட்டருக்கு மில்லிகிராம்) × ஓட்டம் (வினாடிக்கு லிட்டர்) × 0.0864

ஒரு கற்பனை ஓடையில் போட்டுப் பார்ப்போம். ஈரமான பருவத்தில் சுரங்கம் தொடாத மேல்பகுதி வினாடிக்கு 100 லிட்டர் தருகிறது, சல்ஃபேட் 20 மில்லிகிராம். ஏற்கெனவே உள்ள சுரங்கம் 20 லிட்டர், சல்ஃபேட் 600. புதிதாக வரவிருக்கும் சுரங்கம் 15 லிட்டர், 800 என்று எதிர்பார்க்கிறார்கள். இப்போது கீழே செறிவு 117. புதியது வந்தால் 193.

வறண்ட பருவத்துக்கு வாருங்கள். மேல்பகுதி 10 லிட்டராகச் சுருங்கிவிடும். பாறைக் குவியல் மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதால் சுரங்கக் கிளைகள் அவ்வளவு சுருங்காது. 12, 9 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கீழே 336, புதியது வந்தால் 471.

புதிய சுரங்கம் வந்த பிறகுள்ள மொத்தச் சுமை ஈரப் பருவத்தில் நாளுக்குச் சுமார் 2,250 கிலோ, வறட்சியில் 1,260 கிலோ. சுமை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது, செறிவோ இரண்டரை மடங்குக்கு அருகே. ஆண்டுச் சராசரியை வைத்து மதிப்பிட்டால் பூச்சிகளும் மீன்களும் கடக்க வேண்டிய மோசமான வாரங்கள் அதற்குள் மறைந்துவிடும். இரண்டு பருவத்துக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

அப்புறம் சரிபார்ப்பு. கிளைகளின் சல்ஃபேட் சுமையைக் கூட்டினால் பிரதான ஓடையின் சுமைக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். இப்படிப்பட்ட நீரில் சல்ஃபேட் பெரும்பாலும் படியாமல், மாறாமல் போவதால் இதற்குப் பொருத்தமானது. 10 - 15 சதவீத வித்தியாசம் ஓட்டம் அளப்பதிலேயே வரும், விட்டுவிடலாம். பிரதான ஓடையில் மிக அதிகமாக இருந்தால் பட்டியலில் இல்லாத ஊற்று ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்ட நிலத்தடிச் சுரங்கத்தின் வாய்களைத் தேடிக்கொண்டு கரையோரமாக நடங்கள், மீட்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு. இந்தக் கூட்டலைச் செய்யாமல் முடிக்கிற அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

## 9. ஓடையில் வாழ்பவற்றைப் பாருங்கள்

வேதியியல் அன்றைய நிலையைச் சொல்லும். கல்லுக்கு அடியில் உள்ள பூச்சிகள் கடந்த பல மாதங்களைச் சொல்லும். சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதியில் வலையைப் பிடித்து, கற்களைக் காலால் கிளறி, வருவதைச் சேகரியுங்கள். இளம்பருவத்தை நீரில் கழிக்கும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, காடிஸ்ஃப்ளை என்ற மூன்று பூச்சி வகைகளையும் தனியாக எண்ணுங்கள்.

மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேஃப்ளை போன இடத்தை, உப்பைத் தாங்கும் திறன் கூடிய பூச்சிகள் நிரப்பிவிடும், வலை நிறைந்தே வரும். உப்பு ஏறும்போது முதலில் போவது மேஃப்ளைதான். வசந்த காலத்தில் எடுங்கள். பல இனங்கள் கோடைக்குள் இறக்கை முளைத்துப் பறந்துவிடும், அப்போது "இல்லை" என்பதற்குச் சுரங்கம் காரணமா பருவம் காரணமா என்று சொல்ல முடியாது. ஒப்பீட்டு ஓடையிலும் அதே வாரத்தில், அதே முறையில்.

## 10. வரப்போவதைச் சேர்த்துப் பாருங்கள்

மூன்று நிலைகளுக்குக் கணக்குப் போடுங்கள்: இன்று இருப்பவை மட்டும், அனுமதி கிடைத்துத் தொடங்காதவையும் சேர்த்து, விண்ணப்பத்தில் உள்ளவையும் சேர்த்து. புதிய சுரங்கத்தின் நீர் எப்படி இருக்கும் என்பதற்கு விண்ணப்பத்தின் ஊகத்தைவிட, அதே நிலக்கரி அடுக்கை வெட்டிய பக்கத்துச் சுரங்கத்தின் உண்மையான வெளியேற்ற எண்களே மேல்.

செலினியத்துக்கு இது இன்னும் முக்கியம். அது அடுக்கை ஒட்டிய களிப்பாறையில் இருந்து கரைந்து வரும். கரைந்த பொருள் என்பதால் வண்டல் குட்டையில் படியாது. "குட்டை கட்டுகிறோம்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

முதல் நிலையிலேயே வரம்பு தாண்டியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். புதிய சுரங்கம் சேர்ப்பது 5 சதவீதம்தான் என்ற வரி அப்போது ஆறுதல் தராது. ஓடையில் இடமே மிச்சமில்லை.

## 11. முடிவையும் கண்காணிப்பையும் சேர்த்தே எழுதுங்கள்

ஒவ்வொரு கணக்குப் புள்ளிக்கும் ஒரு வரி: ஐந்தாம் படியில் எழுதிய வரம்பு, சுரங்கம் இல்லாத நிலை, இன்றைய நிலை, வரப்போகும் நிலை, வறண்ட பருவத்தின் எண். ஒரே அட்டவணையில் இருந்தால் படிப்பவர் தானே பார்த்துக்கொள்வார். "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்று மட்டும் எழுதினால் எதோடு ஒப்பிட்டு என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

கண்காணிப்பு நிலையத்தைச் சுரங்கத்தின் வேலிக்கு வெளியே, கணக்குப் புள்ளியில் வையுங்கள். எந்த எண் எத்தனை மாதம் தொடர்ந்தால் மதிப்பீட்டைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பதையும் அனுமதியின் நிபந்தனையாக எழுதுங்கள். சுரங்கம் மூடிய பிறகும் நிலையம் இயங்க வேண்டும். நிலத்தடிச் சுரங்கம் நீரால் நிரம்பி வெளியே வழியப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். சீரமைப்புக்கு உறுதியாகச் சுரங்க நிறுவனம் கட்டிய பிணைத்தொகையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்த நீர் வந்தால் சுத்திகரிக்கும் செலவு அரசின் தலையில் விழும்.